இளம்பெண்கள், சிகரெட், குணம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கல்லூரி மாணவிகளுக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கும் மனநல ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். சிகரெட் பேச்சு வந்தாலே மாணவி கேட்பதும், அவள் அம்மா கேட்பதும், ஹாஸ்டல் வார்டன் கேட்பதும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "இவ குணமே அப்படியா?" ஆய்வுகள் இதற்குத் தரும் பதில் பலர் நினைப்பதைவிடச் சின்னது. ஆனால் ஒரு பெண் சிகரெட்டை விட நினைக்கும்போது அந்தச் சின்னப் பதில் நன்றாகக் கைகொடுக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பர்சனாலிட்டின்னா குணம்னு சொல்றோமே, அதுதானே மேடம்?

பாதி அதுதான். தமிழில் 'குணம்' என்ற ஒரே சொல்லுக்கு மூன்று வேலை வைத்திருக்கிறோம். 'அவ கலகலப்பான குணம்' என்றால் இயல்பு. 'குணங்கெட்டவ' என்றால் ஒழுக்கம். 'காய்ச்சல் குணமாயிடுச்சு' என்றால் நலம். உளவியல் பேசுவது முதல் பொருளை மட்டும்தான். சிகரெட் என்று வந்ததும் வீட்டில் எல்லாரும் இரண்டாவது பொருளுக்குத் தாவிவிடுகிறார்கள். பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஐந்து இயல்புகளை அளக்கிறார்கள். ஆட்களோடு இருந்தால் தெம்பு வருவது புறநோக்கு. சின்ன விஷயத்துக்கும் மனம் கலங்குவது பதற்ற இயல்பு. வேலையைத் திட்டம் போட்டு முடிப்பது ஒழுங்குணர்வு. மற்றவரோடு ஒத்துப்போவது இணக்கம். புதியதை முயன்று பார்ப்பது திறந்த மனம். ஐந்தும் எல்லாரிடமும் உண்டு, அளவுதான் ஆளுக்கு ஆள் கூடும், குறையும்.

அப்போ சிகரெட் பிடிக்கிற பொண்ணுங்களுக்குன்னு தனி குணம் இருக்கா?

தனிக் குணம் இல்லை, ஒரு சாய்வு உண்டு. 2015இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்த ஒன்பது ஆய்வுகளிலிருந்து 79,757 ஆண்கள், பெண்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. புறநோக்கு கூடியவர்கள், பதற்ற இயல்பு கூடியவர்கள், ஒழுங்குணர்வு குறைந்தவர்கள் ஆகியோரிடம் புகைப்பழக்கம் சற்று அதிகம்.

அந்தச் 'சற்று' எவ்வளவு? ஓர் இயல்பு சராசரியிலிருந்து ஒரு படி விலகினால், புகைக்கும் வாய்ப்பு சுமார் 10 முதல் 20 விழுக்காடு வரை மாறுகிறது. ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிக் கணக்குப் போட்டால் இது தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கூடத் தங்கும் தோழி புகைக்கிறாளா, வீட்டில் அப்பா புகைக்கிறாரா என்பதெல்லாம் இதைவிடக் கனமான காரணங்கள்.

முதல் சிகரெட்டுக்கும், அப்புறம் விட முடியாம போறதுக்கும் ஒரே குணம்தான் காரணமா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். அதே 2015 ஆய்வில், பழக்கத்தைத் தொடங்குவதோடு சேர்ந்து வந்தவை புறநோக்கும் குறைந்த ஒழுங்குணர்வும். விட்டவர்கள் மறுபடி பிடிப்பதோடு சேர்ந்து வந்தது பதற்ற இயல்பு. பதற்றம் குறைந்தவர்களுக்கு விடுவதும் கொஞ்சம் எளிதாக இருந்தது. ஆக, கதவைத் திறந்துவிடுவது ஓர் இயல்பு, உள்ளே பிடித்து வைப்பது வேறோர் இயல்பு.

ஒரு மாணவி சொன்னதை வைத்துச் சொல்கிறேன். ஹாஸ்டல் மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாலு பேர், கையில் ஒரே சிகரெட். வாங்கி வந்தது கூட்டத்திலேயே கலகலப்பான பெண். பெட்டிக்கடையில் "அண்ணா, ஒரு கிங்ஸ்" என்று கேட்டு வாங்கும் துணிச்சல் அவளுக்குத்தான் இருந்தது. இருமல், சிரிப்பு, ஆளுக்கு ஓர் ஏலக்காய் வாயில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வாங்கி வந்தவள் அதை மறந்தே போனாள். நால்வரில் அதிகம் பேசாத பெண், முதல் இழுப்பில் வாந்தி வந்தவள், தனியாக இரண்டு தெரு தள்ளி வேறு கடைக்குப் போய் வாங்க ஆரம்பித்திருந்தாள். என்னிடம் வந்தது அவள்தான். வார்டனின் கண் அதுவரை கலகலப்பானவள் மேலேயே இருந்தது.

திரில்லுக்காகத்தான் ட்ரை பண்ணாங்கன்னு சொல்றாங்களே, அதுவும் குணமா?

ஆம். அமெரிக்க உளவியலாளர் மார்வின் சக்கர்மன் 1964இல் இதற்கென்றே ஓர் அளவுகோல் உருவாக்கினார். புதிய அனுபவத்துக்காகச் சிரமத்தையும் ஆபத்தையும் ஏற்கும் நாட்டத்தை அது அளக்கும். இது கூடியவர்களிடம் புகைப்பது அதிகம் என்பது ஆண், பெண் இருவரிடமும் தெரிந்தது.

நம் வீடுகளில் திரில் தேடுவதையும் அவசரபுத்தியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். இரண்டும் வேறு. மனம் நொந்திருக்கும் நேரத்தில் பின்விளைவை யோசிக்காமல் எதையாவது செய்துவிடும் அவசரம் ஒன்று உண்டு. சிகரெட் ஏக்கத்தோடு நெருக்கமாகப் போவது அந்த அவசரம்தான். பைக் ஓட்டவும் மலை ஏறவும் ஆசைப்படும் பெண்ணைவிட, வீட்டிலிருந்து வந்த ஒரு போன் காலுக்குப் பிறகு அரை மணி நேரம் நிலைகொள்ளாமல் தவிக்கும் பெண்ணைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

டென்ஷன் குறையத்தான் பிடிக்கிறேன் மேம். உண்மையிலேயே குறையுதே?

குறைகிற உணர்வு உண்மை. அதை நான் மறுக்க மாட்டேன். இழுத்த பத்து இருபது நொடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அது பாதியாகிவிடும். அப்போது எரிச்சல், கவனச் சிதறல், கை பரபரப்பு எல்லாம் வரும். அடுத்த சிகரெட் தணிப்பது பெரும்பாலும் இதைத்தான். கந்துவட்டிக்காரரிடம் கடன் வாங்கி அவருக்கே வட்டி கட்டிவிட்டு, இன்றைக்குக் கடன் தொல்லை இல்லை என்று மூச்சுவிடுவது போல.

பதற்ற இயல்பு கூடியவர்களுக்கு இந்த வலை இன்னும் இறுக்கம். தேர்வு பயம் எது, நிகோடின் இறங்கியதால் வந்த பரபரப்பு எது என்று பிரித்துப் பார்க்க அவர்களால் முடிவதில்லை. 2014இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடர்ந்து புகைத்தவர்களைவிட, விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. முதல் இரண்டு மூன்று வாரம் கஷ்டம்தான். அதைத் தாண்டியவர்களின் நிலை இது.

பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் இதுல வித்தியாசம் உண்டா?

இயல்புகளில் பெரிய வித்தியாசம் இல்லை, உடம்பில் உண்டு. பெண்ணுடல் நிகோடினை ஆண்களுடையதைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றுகிறது. காரணம் ஈஸ்ட்ரோஜன். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களிடம் அந்த வேகம் இன்னும் கூடும். அதனால் 'குறைஞ்சுபோச்சு' என்ற தவிப்பு சீக்கிரமே வரலாம். மாத்திரையும் சிகரெட்டும் சேர்ந்தால் ரத்தக்குழாய் அடைப்பு ஆபத்தும் ஏறும். இதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

இன்னொன்று: பிட்ஸ்பர்க் நகரில் கென்னத் பெர்கின்ஸ் செய்த ஆய்வுகளில், பெண்களின் புகைப்பில் நிகோடின் அளவைவிடச் சுற்றியுள்ள விஷயங்களுக்குப் பங்கு அதிகம் என்று தெரிந்தது. அந்த வாசனை, விரலிடையே இருக்கும் உணர்வு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்த்தி. சிகரெட்டை விடுவதற்காக மெல்லும் நிகோடின் கம் மட்டும் போதவில்லை என்று பெண்கள் சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

விட்டா வெயிட் போட்டுடுமே?

போடலாம். விட்ட முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறும். சிலருக்கு ஏறாது, சிலருக்கு இறங்கவும் செய்யும். நிகோடின் பசியை அடக்குவது உண்மை. உடம்பு பற்றிய கவலை மிகுந்த பெண்கள் விடத் தயங்குவதற்கு இது பெரிய காரணம்.

இந்தக் கவலையை விதைத்ததில் விளம்பரத்துக்கும் பங்குண்டு. 1928இல் அமெரிக்காவில் லக்கி ஸ்டிரைக் சிகரெட்டுக்கு, இனிப்பு எடுப்பதற்குப் பதில் இதை எடு என்று பெண்களைப் பார்த்து விளம்பரம் செய்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, அதே வாக்கியத்தை வேளச்சேரியில் ஒரு பெண் தன் சொந்த யோசனை மாதிரி என்னிடம் சொல்கிறாள். கேட்கும்போது மனசு கனக்கிறது.

தைரியமா, சுதந்திரமா இருக்கிற பொண்ணுங்கதானே பிடிக்கிறாங்க? அதுல என்ன தப்பு?

ஆண் பிடித்தால் பழக்கம், பெண் பிடித்தால் ஒழுக்கம் என்று பேசுவது அநியாயம். அதில் உன் கோபத்தோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் சிகரெட்டையும் சுதந்திரத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டது யார் என்று பார்க்க வேண்டும்.

1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலை ஊர்வலத்தில் சில இளம்பெண்கள் எல்லார் முன்னாலும் சிகரெட் பற்றவைத்தார்கள். அதை ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர ஆலோசகர். சம்பளம் கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. ஏ. ஏ. பிரில் என்ற உளப்பகுப்பாய்வாளரிடம் யோசனை கேட்டுத்தான் 'சுதந்திரத் தீப்பந்தங்கள்' என்ற பெயரையே பிடித்தார்கள். ஓட்டுரிமை கிடைத்துப் பத்து வருஷம்கூட ஆகாத பெண்களின் உணர்வை அளந்து, அதற்குத் தக்க விலைச்சீட்டு ஒட்டினார்கள்.

1960களின் கடைசியில் இது மறுபடி நடந்தது. பிலிப் மோரிஸ் 1968இல் பெண்களுக்கென்றே விர்ஜினியா ஸ்லிம்ஸ் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 18 வயதுக்குட்பட்ட சிறுமிகள் புகைக்கத் தொடங்கும் வேகம் 1967 வாக்கில் திடீரென ஏறியதையும், அது பெண்களுக்கான பிராண்டுகள் வந்த காலத்தோடு பொருந்துவதையும் 1994இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்தச் சிறுமிகளின் குணம் ஒரே வருஷத்தில் மாறிவிடவில்லை. மாறியது அவர்களுக்கு முன்னால் நீட்டப்பட்ட பொருள்.

இது நம்ம ஊர்ல இல்லாத பழக்கம்தானே? வெளிநாட்டைப் பார்த்து வந்ததுதானே?

எண்ணிக்கை குறைவுதான். 2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைக்கும் ஆண்கள் 19 விழுக்காடு, பெண்கள் 2 விழுக்காடு. ஆனால் புகையில்லாப் புகையிலை பயன்படுத்தும் பெண்கள் 12.8 விழுக்காடு. வெற்றிலையோடு புகையிலை அடக்கிய பாட்டிகளின் குணத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆந்திராவின் வடகடலோர ஊர்களில் வயதான பெண்கள் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிப்பது பல காலமாக உண்டு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பழிக்கப்படும் பழக்கத்தை யாரும் கணக்கெடுப்பில் ஒப்புக்கொள்வதில்லை. தென்கொரியாவில் சிறுநீரில் கோட்டினின் என்ற நிகோடின் எச்சத்தை அளந்தபோது, புகைக்கும் பெண்களின் எண்ணிக்கை அவர்கள் வாயால் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

வெளிநாட்டு ஆய்வை வச்சு நம்ம பொண்ணுங்களைப் பத்தி பேசலாமா?

கவனமாகத்தான் பேச வேண்டும். 79,757 பேர் கணக்கு பெண்கள் புகைப்பது சாதாரணமான நாடுகளிலிருந்து வந்தது. நூற்றில் இரண்டு பேர் மட்டும் செய்யும் ஒரு காரியத்துக்கு, ஊர்ப் பேச்சை மீறும் துணிவோ மறைத்துச் செய்யும் சாமர்த்தியமோ தேவைப்படும். அதனால் இங்கே புகைக்கும் பெண்களின் இயல்புப் படம் சற்று வேறாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. பதற்றமும் நிகோடினும் சேர்ந்து போடும் முடிச்சு மட்டும் உடம்பு சார்ந்தது. அது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

கேன்சர் வர்றதும் குணத்தாலதான், சிகரெட்டால இல்லைன்னு ஒரு பெரிய விஞ்ஞானியே சொல்லியிருக்காராமே?

சொன்னார். ஹான்ஸ் ஐசென்க், லண்டனில் பேராசிரியராக இருந்த புகழ்பெற்ற உளவியலாளர். புறநோக்கையும் சிகரெட்டையும் தொடர்புபடுத்தி 1960இல் வந்த அவருடைய ஆய்வு இந்தத் துறையின் தொடக்கங்களில் ஒன்று. அதோடு நிற்காமல், ஒருவகைக் குணம்தான் புகைக்கவும் வைக்கிறது, புற்றுநோயையும் வரவழைக்கிறது என்று வாதிட்டார். ரொனால்ட் கிரோசார்த்-மாட்டிசெக் என்பவரோடு சேர்ந்து நம்பவே முடியாத அளவுக்குப் பெரிய எண்களை வெளியிட்டார். சிகரெட் கம்பெனிகளின் பணம் அந்த ஆராய்ச்சிக்கு வந்தது.

1997இல் அவர் இறந்தார். 2019இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி நடத்திய விசாரணை, அந்த இருவரும் சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகள் நம்பத் தகாதவை என்றது. பல கட்டுரைகள் பிறகு திரும்பப் பெறப்பட்டன. குணம் பற்றிய ஆராய்ச்சியை மதிக்கிறவள் என்பதால்தான் இது என்னை அதிகம் உறுத்துகிறது. நோயாளியைப் பார்த்து 'உன் குணம்தான் காரணம்' என்று சொல்லவைத்தது அந்தக் கட்டுரைகள்.

சிகரெட்டே குணத்தை மாத்திடுமா?

இரண்டு பக்கமும் ஓட்டம் உண்டு. இருபதுகளில் பொதுவாகவே மனிதர்களின் ஒழுங்குணர்வு கூடும், பதற்றம் தணியும். அமெரிக்காவில் இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, 18 முதல் 25 வயதுக்குள் சிகரெட்டை விட்டவர்களிடம் அவசரபுத்தியும் பதற்ற இயல்பும் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தன. மனம் பக்குவப்பட்டதால் விட்டார்களா, விட்டதால் பக்குவம் கூடியதா என்பதை அந்தக் கணக்கால் பிரிக்க முடியாது. டென்ஷன் கேள்வியில் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடமுண்டு.

ஹாஸ்டல்ல சேரும்போதே ஒரு டெஸ்ட் வச்சு, யார் பிடிப்பாங்கன்னு கண்டுபிடிச்சிடலாமே?

கூடாது. இரண்டாவது கேள்வியில் சொன்ன 'சற்று' இங்கே முக்கியம். அப்படி ஒரு டெஸ்ட் வைத்தால் புகைக்கவே நினைக்காத நிறையப் பெண்கள் மேல் முத்திரை விழும், மொட்டை மாடியின் அந்த அமைதியான பெண் தப்பிவிடுவாள்.

குணத்தை நல்லதுக்குப் பயன்படுத்திய முயற்சி உண்டு. கனடாவில் பட்ரீசியா கான்ராட் உருவாக்கிய பள்ளித் திட்டம், மது, போதைப் பழக்கத்தைத் தடுப்பதற்காக நம்பிக்கையின்மை, பதற்றம், அவசரபுத்தி, திரில் தேடல் ஆகிய நான்கை எடுத்துக்கொள்கிறது. எந்தப் பிள்ளைக்கு எது கூடுதலோ அதைக் கையாளச் சில வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். மாணவிக்கு உதவ அந்த விவரம் பயன்படுகிறது, வார்டனுக்குத் தகவல் சொல்ல அல்ல.

ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டுதான் மேம், அதுவும் ஃப்ரெண்ட்ஸோட மட்டும். இதுல என்ன ஆகிடப் போகுது?

நாளுக்கு ஒன்று பிடித்தாலே பெண்களுக்கு இதய நோய் ஆபத்து ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது என்று 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. 'ஒண்ணு ரெண்டுதானே' என்பதற்குப் பதில் அவ்வளவுதான்.

நல்ல சேதியும் உண்டு. பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள் சுமார் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 40 வயதுக்குள் விட்டவர்கள் அந்தக் கூடுதல் ஆபத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் தவிர்த்தார்கள், 30 வயதுக்குள் விட்டவர்கள் 97 விழுக்காடு.

என் குணத்துக்கு ஏத்த மாதிரி விடுறதுக்கு வழி இருக்கா?

இது என் அறையில் பார்த்துப் பழகியது. கலகலப்பான பெண்ணுக்கு ஆபத்து டீக்கடை. அவள் விடுவதைக் கூட்டத்துக்கே அறிவிக்கட்டும், கையில் டீ கிளாஸைப் பிடித்துக்கொள்ளட்டும், பக்கத்தில் நிற்க ஒரு தோழியை ஏற்பாடு செய்துகொள்ளட்டும். ஒழுங்குணர்வு குறைந்தவளிடம் நாள் குறித்து அட்டவணை போடச் சொன்னால் மூன்றாம் நாள் அட்டவணை காணாமல் போகும். அவள் லைட்டரைத் தூக்கிப் போடட்டும், கடை இல்லாத தெரு வழியாக நடக்கட்டும். மனவுறுதி தேவைப்படாதபடி சுற்றுப்புறத்தை மாற்றுவதுதான் அவளுக்கு வழி.

பதற்றம் கூடிய பெண்ணுக்கு முதல் நாள் அவ்வளவு பிரச்சினை இல்லை, நாற்பதாவது நாள் வரும் சண்டைதான் பிரச்சினை. அந்த நாளில் யாருக்குப் போன் செய்வது, எங்கே போய் உட்காருவது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். பரீட்சை வாரத்தில் விடத் தொடங்க வேண்டாம். மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை எடுக்க வேண்டும்.

மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் கம் கிடைக்கும். சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. சுருக்கென்று ஏறும் வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, அது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். கருவுற்றிருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச எண்ணில் ஆலோசகர்கள் பேசுவார்கள். வீட்டுக்குத் தெரியாமல் விட நினைக்கும் பெண்களுக்கு அதைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

பொண்ணு பையில லைட்டர் பார்த்தேன் மேடம். கேக்கவா, தெரியாத மாதிரி இருந்துடவா?

கேளுங்கள் அம்மா. ஆனால் "யாருடி பழக்கிவிட்டா", "இதுக்கா உன்னை வளர்த்தேன்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அப்படிக் கேட்பது முதல் கேள்வியில் சொன்ன அந்த இரண்டாவது 'குணம்'. பதிலுக்கு அவள் பொய்தான் சொல்ல முடியும். "எப்ப பிடிக்கத் தோணுது?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் இயல்பு அந்தப் பதிலில் தானாகவே வந்துவிடும்.

இதே கேள்வியோடு வந்த ஓர் அம்மா லைட்டரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, இரண்டு டம்ளர் டீ போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு மெதுவாகக் கேட்டிருக்கிறார். "ராத்திரி பதினோரு மணிக்கு ஆபீஸ் கால் முடியும்மா. அப்புறம் தூக்கமும் வராது, பேசவும் யாரும் இருக்க மாட்டாங்க" என்றாள் மகள். இப்போது அந்த நேரத்துக்கு அம்மா அலாரம் வைத்து எழுந்துகொள்கிறார். இருவரும் மாடியில் அரை மணி நேரம் நடக்கிறார்கள். நாளுக்கு ஏழு என்றிருந்தது இரண்டுக்கு வந்திருக்கிறது. மீதி இரண்டும் ஆபீஸ் மதிய இடைவேளையில். அதற்கு என்ன செய்யலாம் என்று வருகிற சனிக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து பேசப்போகிறோம்.